ஒற்றை ரன்னின் விலை

2024 ஆகஸ்ட் முதல் வாரத்தில், தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் கடைசிக் கட்டத்தில், கொங்கு நாட்டின் இரண்டு அணிகள் ஒரே ஆளிடம் தோற்றன. இரண்டாவது தகுதிச் சுற்றில் ஐட்ரீம் திருப்பூர் தமிழன்ஸ் 108 ரன்னில் சுருண்டது. திண்டுக்கல் டிராகன்ஸ் கேப்டன் ரவிச்சந்திரன் அஸ்வின் வரிசையில் மேலே ஏறி வந்து, 30 பந்துகளில் 69 ரன் அடித்து, 11 ஓவருக்குள் ஆட்டத்தை முடித்தார். அடுத்து சேப்பாக்கத்தில் இறுதியாட்டம். லைகா கோவை கிங்ஸ் எடுத்தது 129. அதே அஸ்வின் இந்த முறை 46 பந்துகள் நின்று 52 ரன் எடுத்தார். கோப்பை திண்டுக்கல்லுக்குப் போனது.

முதல் ஆட்டம் கண்ணுக்கு விருந்து. ஆனால் வரிசையையும் ரன் கணக்கையும் ஆராய்கிறவனுக்கு இரண்டாவதுதான் பொக்கிஷம். 120 பந்துகளில் 130 ரன் வேண்டும் என்றால் பந்துக்கு 1.08. அஸ்வின் எடுத்தது பந்துக்கு 1.13. தேவை என்னவோ அதற்கு ஒரு பிடி மேலே, அவ்வளவுதான். இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் 46 பந்துக்கு 52 எடுத்தால் மற்ற நாட்களில் வசவுதான் கிடைக்கும். அன்றைக்கு அதே வேகம் கோப்பையை வாங்கிக் கொடுத்தது. ஒற்றை ரன் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது; அந்த நேரத்தில் அதன் விலை என்ன என்று கேட்டால் பதில் உண்டு. அந்த விலையை எப்படிக் கணக்கிடுவது, பேட்டிங் வரிசைக்கும் அதற்கும் என்ன உறவு என்பதைப் பார்க்கலாம்.

கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து ஆட்டம் பார்த்தவர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. அறுவடை முடிந்த வயலிலோ பள்ளி மைதானத்திலோ எட்டு ஓவர் ஆட்டம் நடக்கும். பவுண்டரிக் கோட்டுக்கு வெளியே நிற்கிற கூட்டத்தில் ஒரு குரல், "நின்னு ஆடு கண்ணு, ஓவர் கெடக்குது" என்னும். இன்னொரு குரல், "ஒண்ணெடுத்துக் குடுத்துட்டு அந்தப் பக்கம் நில்லு மாப்ள" என்னும். மூன்றாவது குரல் எதையும் கேட்காமல், "தூக்கி அடிடா" என்று மட்டும் கத்தும். மூன்றுமே அனுபவத்திலிருந்து வருகிற புத்திமதிகள். ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது.

இந்தக் கேள்வியை முதன்முதலில் எண்களால் தீவிரமாகத் துருவியவர்கள் பேஸ்பால்காரர்கள். நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம் என்பதால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று அவுட், மொத்தம் 27. பந்துகளுக்கு வரம்பு கிடையாது. அடித்தவர் முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் ஒரு ரன். ஒன்பது பேரின் பேட்டிங் வரிசையை ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதே வரிசையில்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள்.

இந்த ஆட்டத்தில் சிறுகச் சிறுகச் சேர்க்கும் முறைக்கு 'ஸ்மால் பால்' என்று பெயர். அதன் முக்கியக் கருவி 'பன்ட்'. முதல் பேஸில் ஒரு சகா நிற்கிறார். அடுத்து வருபவர் மட்டையை வீசாமல், பந்துக்கு முன்னால் குறுக்கே பிடித்து, காலடியிலேயே உருட்டி விடுகிறார். அவர் அவுட் ஆவார். அதற்குள் சகா இரண்டாம் பேஸுக்குப் போய்விடுவார். தன்னைக் கொடுத்துச் சகாவை ஒரு படி ஏற்றுகிற ஆட்டம் இது. பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. பயிற்சியாளர்கள் பல தலைமுறைகளாக இதைப் போற்றினார்கள்.

கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் லிண்ட்சே 1963இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பெருமைக்கு விலை போட்டது. நூற்றுக்கணக்கான ஆட்டங்களின் பதிவுகளை வைத்து, எந்த நிலையிலிருந்து அந்த இன்னிங்ஸில் சராசரியாக எத்தனை ரன் வரும் என்று அவர் அட்டவணை போட்டார். முதல் பேஸில் ஆள், அவுட் யாரும் இல்லை என்றால் சுமார் 0.81 ரன். இரண்டாம் பேஸில் ஆள், ஒரு அவுட் என்றால் சுமார் 0.67. அதாவது பன்ட் வெற்றிகரமாக முடிந்த பிறகும் அணி 0.14 ரன் இழந்துதான் நிற்கிறது. 27 அவுட் மட்டுமே சொத்தாக உள்ள ஆட்டத்தில் ஒன்றை இனாமாகக் கொடுப்பது நஷ்டம். பின்னால் பீட் பாமர், பில் ஜேம்ஸ், டாம் டாங்கோ போன்றவர்கள் வெவ்வேறு வழிகளில் இதே முடிவுக்கு வலு சேர்த்தார்கள். இன்றைக்கு அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் பன்ட் மிக அரிதாகிவிட்டது.

லிண்ட்சேயின் அட்டவணையிலேயே இன்னொரு பத்தி இருக்கிறது. அதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. சராசரி எத்தனை ரன் என்பதை விட்டுவிட்டு, குறைந்தது ஒரு ரன்னாவது வருமா என்று கேட்டால் இரண்டு நிலைகளுக்கும் வித்தியாசமே கிட்டத்தட்ட இல்லை. இரண்டிலும் நூற்றுக்கு 39, 40 வாய்ப்பு. ஆகவே கடைசி இன்னிங்ஸில் ஸ்கோர் சமமாக இருக்கிறது, ஒரே ஒரு ரன் போதும், வந்திருப்பவரோ சுமாராக அடிப்பவர் என்றால் பன்ட்டில் நஷ்டம் கிடையாது. சில நேரம் லாபமே உண்டு. மொத்தமாகச் சேர்க்க வேண்டிய நேரத்துக்கு ஒரு கணக்கு, ஒன்றே ஒன்று போதும் என்கிற நேரத்துக்கு வேறு கணக்கு. அஸ்வினின் இறுதியாட்டத்தை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 130 என்ற சிறிய இலக்கு அவருக்கு அந்த இரண்டாவது கணக்கைத் திறந்துவிட்டது.

இனி நம் ஆட்டம். கிரிக்கெட்டில் இரண்டு சொத்துகள் உண்டு: விக்கெட், பந்து. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியவர்கள் ஃபிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்ற இரண்டு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள். மழையால் ஓவர் குறையும்போது இலக்கை மாற்றுவதற்காக அவர்கள் வகுத்த முறை 1997 ஜனவரி 1 அன்று ஜிம்பாப்வே – இங்கிலாந்து ஆட்டத்தில் முதலில் பயன்பட்டது. நம் பக்கத்தில் திருச்சூர் பொறியாளர் வி. ஜெயதேவன் உருவாக்கிய வி.ஜே.டி. முறை உண்டு, தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மழை வந்தால் அதுதான் கணக்கு. மழைக்காகச் செய்தவையானாலும், ஒரு விக்கெட் எத்தனை பந்துக்குச் சமம் என்ற கேள்விக்கு இந்த அட்டவணைகளில் பதில் ஒளிந்திருக்கிறது.

டக்வொர்த் – லூயிஸின் பொதுப் பதிப்பை எடுத்துக்கொள்வோம். 50 ஓவரும் 10 விக்கெட்டும் கையில் இருந்தால் வளம் 100. ஓவர் அப்படியே இருக்க இரண்டு விக்கெட் போனால் 85.1. விக்கெட் அப்படியே இருக்கப் பத்து ஓவர் போனால் 89.3. இதை வகுத்துப் பார்த்தால், ஆட்டத் தொடக்கத்தில் ஒரு விக்கெட் சுமார் 42 பந்துகளுக்குச் சமம். தலை சுற்றவைக்கிற விலை. அதனால்தான் ஒருநாள் ஆட்டத்தில் தொடக்க விக்கெட்டை அவ்வளவு பொத்திப் பாதுகாக்கிறார்கள்.

அதே அட்டவணையில் 10 ஓவர் மட்டும் மிச்சமிருக்கும் வரிசைக்கு வாருங்கள். விக்கெட் எதுவும் போகாவிட்டால் 32.1, இரண்டு போனால் 30.8, ஐந்து போனால் 26.1, ஏழு போனால் 17.9. ஐந்து ஓவர் மிச்சம் என்றால் 17.2, 16.8, 15.4, 12.5. மறுபடியும் வகுத்துப் பார்த்தால், பத்து ஓவர் ஆட்டத்தில் முதல் இரண்டு விக்கெட்டுகள் ஒவ்வொன்றும் ஒன்றேகால் பந்துக்குத்தான் சமம். மூன்று முதல் ஐந்து வரை ஒவ்வொன்றும் மூன்று பந்துக்குச் சற்று மேல். ஆறும் ஏழும் வரும்போது விலை சட்டென்று ஏறி, ஒவ்வொன்றும் பதினொரு பந்துக்கு மேல் போய்விடுகிறது. இந்த அட்டவணை ஒருநாள் ஆட்டங்களின் தரவிலிருந்து பிறந்தது; டென்னிஸ் பந்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆகவே எட்டு ஓவர் ஆட்டத்தில் ஓபனிங் இறங்கியவர் "செட் ஆகிக்கிறேன்" என்று மூன்று பந்தை வெறுமனே தட்டிவிட்டு நின்றால், அவர் முதல் பந்திலேயே அவுட் ஆகியிருந்தால் அணிக்கு ஏற்பட்டிருக்கும் நஷ்டத்தைவிடக் கூடுதலாகச் செலவு செய்துவிட்டார். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் ஊர் ஆட்டங்களில் தோற்ற அணிகள் எத்தனை விக்கெட்டை மிச்சம் வைத்துக்கொண்டு தோற்றன என்று பார்த்தால் இது விளங்கும்.

நம் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்கவே தேவையில்லை. கிணறு நிறையத் தண்ணீர் இருந்து மும்முனைக் கரண்ட் சில மணி நேரமே வந்தால் பெரிய மோட்டாராகப் போட்டு இறைப்பார். நாள் முழுக்கக் கரண்ட் இருந்து கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தால் சொட்டுநீர் போடுவார். எது குறைவோ அதற்குத்தான் சிக்கனம். பேஸ்பாலும் டெஸ்ட் ஆட்டமும் இரண்டாவது வகை. இருபது ஓவர் முதல் வகை. எட்டு ஓவர் அதனினும் தீவிரமான முதல் வகை. அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்மால் பாலைக் குறை சொல்வது அது அவுட்டை விரயம் செய்வதால். இருபது ஓவர் ஆய்வாளர்கள் குறை சொல்வது பந்தை விரயம் செய்வதால். தீர்ப்பு ஒன்று, காரணங்கள் நேர் எதிர்.

அப்படியானால் குறுகிய ஆட்டத்தில் சிங்கிளுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. அந்த மதிப்பு அது கொண்டுவரும் ஒரு ரன்னில் இல்லை, ஸ்ட்ரைக் கைமாறுவதில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். இந்த முனையில் பந்துக்குச் சராசரி ஒரு ரன் எடுப்பவர், எதிர்முனையில் இரண்டு ரன் எடுப்பவர். இந்த முனைக்காரருக்கு இரண்டு வழி. உறுதியாக ஒரு சிங்கிள் எடுக்கலாம். அல்லது ஓங்கி அடித்துப் பாதி நேரம் இரண்டு ரன், பாதி நேரம் டாட் பால் என்று ஆடலாம். இரண்டின் சராசரியும் ஒன்றுதான். ஆனால் சிங்கிள் எடுத்தால் அடுத்த பந்தை எதிர்கொள்பவர் இரண்டு ரன்காரர். ஓங்கி அடித்தால், இரண்டு ரன்னோ டாட்டோ, அடுத்த பந்துக்கும் நிற்பவர் இவரே. இரண்டு பந்துகளைச் சேர்த்துப் பார்த்தால் முதல் வழியில் மூன்று ரன், இரண்டாவதில் இரண்டு. அந்தச் சிங்கிளின் உண்மையான விலை இரண்டு ரன்: அது எடுத்த ஒன்று, ஸ்ட்ரைக் மாறியதால் கூடிய ஒன்று.

இதையே ஓவரின் ஆறாவது பந்தில் செய்தால் எல்லாம் தலைகீழ். முனை மாறுவதால் சிங்கிள் எடுத்தவரே மறுபடியும் எதிர்கொள்வார். எதிர்முனை அடிகாரர் வேடிக்கை பார்ப்பார். இருவரும் சம வேகத்துக்காரர்கள் என்றால் சிங்கிளுக்கு எந்தக் கூடுதல் மதிப்பும் இல்லை, பந்துக்கு 1.7 தேவைப்படுகிற நேரத்தில் அது நேரடி நஷ்டம். ஆகவே "ஒண்ணெடுத்துக் குடுத்துட்டு அந்தப் பக்கம் நில்லு மாப்ள" என்ற குரல் சரியாக இருப்பது மூன்று நிபந்தனைகளில்: சொல்லப்படுபவர் மெதுவாக ஆடுபவர், எதிரில் நிற்பவர் வேகமானவர், ஓவரில் இன்னும் பந்து இருக்கிறது.

பேஸ்பாலில் இல்லாத சுதந்திரம் இங்கேதான் நமக்குக் கிடைக்கிறது. அவர்களுக்கு வரிசை ஆட்டத்துக்கு முன்பே பூட்டப்பட்டுவிடுகிறது. பன்ட் வைத்து முதல் பேஸைக் காலி செய்தால், எதிரணி அடுத்து வரும் நல்ல அடிகாரரை அடிக்கவிடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டு, அதற்கடுத்த சாதாரண ஆளிடம் பந்து வீசலாம். நமக்கு ஒவ்வொரு விக்கெட்டுக்குப் பிறகும் யாரை அனுப்புவது என்பது கேப்டன் கையில். இந்தச் சுதந்திரத்தை நாம் எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களின் வரலாற்றிலேயே நல்ல பாடங்கள் இருக்கின்றன. 1998 ஜனவரி 18, டாக்காவில் சுதந்திரக் கோப்பையின் மூன்றாவது இறுதியாட்டம். பாகிஸ்தானுக்கு எதிராக 48 ஓவரில் 315 எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் யாரும் எட்டாத இலக்கு. டெண்டுல்கர் அவுட் ஆனதும் வழக்கமாகக் கீழே இறங்குகிற ராபின் சிங் மூன்றாவதாக அனுப்பப்பட்டார். தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடியவர், ஓட்டத்தில் சூரர். 83 பந்தில் 82 எடுத்து, 124 அடித்த கங்குலியோடு 179 ரன் சேர்த்தார். பந்துக்கு ஒரு ரன் என்பது 1998இல் அசுர வேகம். அதைப் பெரும்பாலும் கால்களால் எடுத்தவர் அவர். ஒரு பந்து மீதமிருக்க இந்தியா வென்றது. வழக்கமான வரிசைப்படி போயிருந்தால் ராபின் சிங் இறங்கும்போது தேவைப்படும் வேகம் எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது பாடம் மறுபடி அஸ்வின். 2022 ஏப்ரல் 10, வாங்கடே மைதானம், ஐபிஎல்லில் லக்னோவுக்கு எதிராக ராஜஸ்தான். 67 ரன்னுக்கு நான்கு விக்கெட் போன நிலையில், அடிகாரர் ரியான் பராக்கைக் கீழே வைத்துவிட்டு அஸ்வினை அனுப்பினார்கள். அட்டவணை சொல்கிற விலையேற்றம் தொடங்கும் இடம் அது. இன்னும் இரண்டு விக்கெட் போயிருந்தால் ஆட்டம் முடிந்தது. அஸ்வின் 23 பந்தில் 28 எடுத்து, ஷிம்ரன் ஹெட்மயர் அடிக்க ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார். பத்தொன்பதாவது ஓவரில், அடிபடாமல், யாரும் அவுட் ஆக்காமல், தானாகவே 'ரிடயர்டு அவுட்' என்று வெளியேறினார். ஐபிஎல்லில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. உள்ளே வந்த பராக் 4 பந்துகளில் 8 ரன் எடுத்தார். ராஜஸ்தான் 165, வெற்றி வித்தியாசம் 3 ரன்.

பேஸ்பாலின் பன்ட்டுக்கு நேர் அண்ணன் தம்பி இது. தன்னைக் கொடுத்து அணியை ஒரு படி ஏற்றுவது. ஆனால் விலையைப் பாருங்கள்: அங்கே தியாகத்துக்கு 0.14 ரன் நஷ்டம். இங்கே பத்துப் பந்து மிச்சம், கையில் விக்கெட்டுகள் கிடக்கின்றன; கொடுத்த விக்கெட்டுக்கு விலை ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரு ஆட்டத்தின் முடிவு எதையும் நிரூபிக்காது. லக்னோ ஜெயித்திருந்தாலும் அந்த முடிவு சரியான முடிவே.

இதே அளவுகோலை நாம் கொண்டாடுகிற வெற்றிகளுக்கும் வைக்க வேண்டும். 2021 நவம்பர் 22, சையது முஷ்டாக் அலி இறுதியாட்டத்தில் கர்நாடகத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவைப்பட, தமிழ்நாட்டு அணியின் ஷாருக் கான் சிக்ஸர் அடித்தார். அன்று நானும் துள்ளினேன். ஆனால் இலக்கு 152, பந்துக்கு 1.27. நம் கோவைக்காரர் ஜெகதீசன் 46 பந்தில் 41. ஷாருக் ஆடியது 15 பந்து, எடுத்தது 33, முடிவில் நான்கு விக்கெட் செலவாகாமல் மிச்சம். பந்துக்கு இரண்டு ரன்னுக்கு மேல் எடுக்கக்கூடியவருக்கு 15 பந்து மட்டும் ஒதுக்கிய வரிசை அது. அவருடைய திறமை கோப்பையைக் கொண்டுவந்தது. வரிசை கிட்டத்தட்ட இழக்க வைத்தது. ஜெகதீசனின் தரத்தில் குறை சொல்ல இடமே இல்லை. ஏறக்குறைய ஓராண்டு கழித்து அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 50 ஓவர் ஆட்டத்தில் 141 பந்தில் 277 அடித்தவர் அவர். அன்று குறை, யாருக்கு எத்தனை பந்து என்ற பங்கீட்டில்.

பேஸ்பாலில் இந்தப் பங்கீட்டுக்கு எளிய கணக்கு உண்டு. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம், வரிசையில் ஒன்பது பேர். ஒரு இடம் மேலே போனால் பருவத்துக்கு 18 முறை கூடுதலாக மட்டை பிடிக்கலாம். சிறந்த அடிகாரரை நான்காவதாக ஒளித்து வைத்த காலம் போய், இன்று முதலிலோ இரண்டாவதாகவோ இறக்குகிறார்கள். ஷோஹெய் ஒடானி 2024இல் பெரும்பகுதி முதலாவதாக இறங்கி, 54 ஹோம் ரன் அடித்தார். 59 பேஸ் திருடினார், அதாவது பந்து அடிக்கப்படாமலே ஓடி அடுத்த பேஸைப் பிடித்தார். பெரிய அடியும் சிறிய ஓட்டமும் ஒரே ஆளிடம். ஆயினும் சிறந்த வரிசைக்கும் சுமாரான வரிசைக்கும் ஒரு பருவம் முழுக்க வித்தியாசம் பத்துப் பதினைந்து ரன்தான் என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள். எல்லாரும் சுற்றி வந்து நாலைந்து முறை ஆடுகிற ஆட்டம் அது. எட்டு ஓவர் ஆட்டத்தில் ஐந்தாவதாக இறங்குபவருக்கு நான்கு பந்து கிடைத்தால் அதிகம். வரிசையின் பாதிப்பு நமக்குப் பல மடங்கு கூடுதல்.

விதிகளும் விலையை மாற்றும். கேட்ச் ஆகும்போது இருவரும் குறுக்கே ஓடிக் கடந்துவிட்டால் பழைய ஆள் ஸ்ட்ரைக்குக்கு வரலாம் என்றிருந்த வழக்கம் 2022 அக்டோபரோடு போனது. இப்போது, ஓவர் முடிந்திருந்தால் ஒழிய, புதிதாக வருபவரே அடுத்த பந்தை எதிர்கொள்ள வேண்டும். அடுத்த ஆளாகப் பேடு கட்டி உட்கார்ந்திருப்பவர் முதல் பந்திலேயே ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இதனால் கூடியது. ஊர் ஆட்டத்தில் எந்த விதி என்பதை டாஸ் போடும்போதே பேசிவிடுவது நல்லது.

கால்களால் எடுக்கிற ரன்னுக்கு இன்றைக்கும் இடம் உண்டு என்பதற்குச் சிறந்த சாட்சி, கோவை கிங்ஸில் வளர்ந்த சாய் சுதர்சன். 2025 ஐபிஎல்லில் 759 ரன் எடுத்து முதலிடம் பிடித்தார். அதில் 88 பவுண்டரி, 21 சிக்ஸர். அவற்றைக் கழித்தால் 281 ரன் ஓடி எடுத்தவை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஸ்ட்ரைக் ரேட் 156. டாட் பாலாகப் போக வேண்டியதைச் சிங்கிளாக்குகிற ஆட்டம் அவருடையது. சிக்ஸராகப் போக வேண்டியதைச் சிங்கிளாக்குவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

கோபிப் பக்கத்து எட்டு ஓவர் அணிக்கு இதிலிருந்து வரிசை போடச் சொன்னால் நான் இப்படிப் போடுவேன். அணியின் இரண்டு பெரிய அடிகாரர்களை முதலிலேயே இறக்க வேண்டும். "கடைசியில அடிக்க ஆள் வேணும்" என்று ஆறாவதாக வைப்பது அவர்களைப் பெஞ்சில் உட்கார வைப்பதற்குச் சமம். ஒருவர் அவுட் ஆனால், மற்றவர் நிற்கும்வரை, உடனே சிங்கிள் எடுத்து ஒதுங்கத் தெரிந்தவர் ஒருவர் வரட்டும். இருவருமே போய்விட்டால் அடுத்த அடிகாரர். நான்கைந்து விக்கெட் போய் இன்னும் மூன்று ஓவர் கிடந்தால் மட்டும் நிதானக்காரரைத் தேடலாம். ஜெர்சி எடுத்துக் கொடுத்தவர், வயதில் மூத்தவர், மட்டை சொந்தமாக வைத்திருப்பவர் என்ற மரியாதைகளை ஃபீல்டிங் இடத்தில் காட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் வேண்டும். ஊர் ஆட்டத்தின் ஸ்கோர் நோட்டில் ரன்னும் விக்கெட்டும் எழுதுகிறார்கள். ஒவ்வொருவரும் எத்தனை பந்து ஆடினார் என்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அந்த ஒரு கட்டத்தை மட்டும் கூடுதலாகப் போட்டு, ஒரு பருவம் முழுக்கப் பொறுமையாக எழுதி வைத்தால், யார் பந்துக்கு எத்தனை எடுக்கிறார், யார் எத்தனை டாட் விடுகிறார் என்பது அந்தப் பயல்களுக்கே தெரிந்துவிடும். நாற்பது பக்க நோட்டு ஒன்றும் ஒரு பேனாவும் போதும்.